ராஜரத்தினத்துக்குப் பிடித்த சீஸ்

மலாக்காவின் காஜா பெராங்கில் அன்னபூரணியைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அது அவள் சீஸ் வாங்கப் போன கதையில்தான் போய் நிற்கும். கிணற்றில் விழுந்த ஆட்டை அவள் தனியாளாகத் தூக்கியது, இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தது, அறுபது வயதில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு கோயில் மதிலில் போய் மோதியது, எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அவள் பிறந்தது ஆயர் குரோ பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில். பதினெட்டு வயதில் காஜா பெராங்குச் செட்டிக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தாள். மலாக்காவில் எத்தனையோ தலைமுறையாக இருக்கும் குடும்பம் அது. சாமி கும்பிடுவார்கள், விபூதி பூசுவார்கள், பேசுவது மட்டும் மலாய். கல்யாணமாகி முதல் ஒரு மாதம் அன்னபூரணிக்கு மாமியார் வைவது புரியவில்லை. அதுவே பெரிய அவமானமாகப் பட்டதால், பதில் சொல்வதற்காகவே ஆறு மாதத்தில் மலாய் கற்றுக்கொண்டாள். அப்புறம் அவள் காதில் எல்லாம் தமிழாகவே விழ ஆரம்பித்துவிட்டது. அதனால் இங்கேயும் அந்த வீட்டுப் பேச்செல்லாம் தமிழிலேயே இருக்கட்டும்.

அவளுடைய மாமனார் ராஜரத்தினம், ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் இருந்த துரைக் கடையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். அந்தக் கடைக்கு வேறு பெயர் இருந்தது. ஊருக்கு அது துரைக் கடைதான். தோட்டத்துத் துரைமாரும் துரைசாணிகளும் காரில் வந்து இறங்கிச் சாமான் வாங்குகிற இடம். ஐஸ் அறை, கண்ணாடிப் புட்டிகளில் ஜாம், உப்புக் கண்டம், கப்பலில் வந்த ஆப்பிள், பெயர் சொல்லவே வாய் சுளுக்கிக்கொள்ளும் பிஸ்கட்டுகள். ராஜரத்தினத்தின் வேலை சீஸ் வெட்டுவது. இரண்டு முனையிலும் மரப்பிடி வைத்த மெல்லிய கம்பியால் மஞ்சள் கட்டியை அவர் அறுப்பதைப் பார்க்கவே சில துரைசாணிகள் நின்றுவிட்டுப் போவார்களாம்.

சனிக்கிழமை தோறும் வெட்டி மிஞ்சிய ஓரத்துண்டு ஒன்றைக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவருவார். அதன் வாடையை மாமியார் வீட்டுக்குள் விடமாட்டாள். அதனால் பின்வாசல் படியில் ஊருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தனியாகத் தின்று, வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். வீட்டில் வேறு யாரும் அதைத் தொட்டதில்லை. அவருடைய மூத்த மகள் சீதா மட்டும், அப்பா தனக்கு மட்டும் இரகசியமாக ஊட்டிவிடுவார் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவின் செல்லம் யார் என்ற பேச்சு வரும்போதெல்லாம் அந்தச் சீஸ் வரும்.

நாற்பத்தொன்றாம் வருஷம் தீபாவளி கழிந்து ராஜரத்தினம் படுக்கையில் விழுந்தார். எல்லாரையும் கூப்பிட்டு இரண்டே விஷயம் சொன்னார். தன்னுடைய இலையில் சீஸ் இருக்க வேண்டும். தன்னுடைய இலையை எந்த வீட்டில் போடுகிறார்களோ அதுதான் பெரிய வீடு, இந்த வீடும் அவர்களுக்கே. சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

அந்தக் குடும்பத்தாருக்குப் பொங்கலுக்கு முந்தின நாள் பர்ச்சு. இறந்துபோனவர்கள் எல்லாரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுகிற நாள். ஆளுக்கொரு வாழை இலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததை வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்பார்கள். சமைக்கும்போது ருசி பார்க்கக்கூடாது, முகர்ந்துகூடப் பார்க்கக்கூடாது. இறந்தவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை அது அவர்களுடையது. அதனால் பெண்கள் மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணி கட்டிக்கொண்டுதான் அடுப்படிக்குப் போவார்கள்.

ராஜரத்தினத்துக்கு முதல் பர்ச்சு வர வேண்டிய வாரத்தில் அவருக்குப் பதிலாக ஜப்பான்காரர்கள் வந்தார்கள். குண்டுக்குப் பயந்து குடும்பம் மொத்தமும் குருபோங்கில் ஒரு தெரிந்தவர் கொட்டகையில் ஒளிந்திருந்தது. இலை போடவில்லை. அன்றிலிருந்து நடந்த கெட்டது எல்லாவற்றுக்கும் சீதா ஒரே காரணம் வைத்திருந்தாள். அவள் வீட்டுக்காரரின் சைக்கிளைச் சிப்பாய்கள் பிடுங்கியது, கூரை ஒழுகியது, கோழி முட்டையிடாதது எல்லாமே அப்பா பசியோடு திரும்பிப் போனதால்தான். சிங்கப்பூர் விழுந்ததையும் அதே கணக்கில் சேர்த்தாள். அப்பாவுக்கு ஒரு துண்டு சீஸ் வைத்திருந்தால் வெள்ளைக்காரன் தோற்றிருக்க மாட்டான் என்று அவள் நிஜமாகவே நம்பினாள்.

அடுத்த பர்ச்சுக்கு ஒரு மாதம் இருக்கும்போது வந்து, பெரிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அன்னபூரணியிடம் சொன்னாள்.

“இந்த வருஷமும் அப்பா இலையில சீஸ் இல்லன்னா, இலையை எங்க வீட்ல போட்டுக்குறேன்லா. அப்பா சொன்னது ஞாபகம் இருக்குல்ல, பூரணி. இலை எங்கயோ அதான் பெரிய வீடு. நீங்க நாலு பேரும் எங்க பின்கட்டுல இருந்துக்கலாம். கோழிக்கூட்டை நகர்த்திட்டா எடம் இருக்கு.”

அப்பாவுக்கு நல்ல வீடு இருக்க வேண்டும் என்பதில் அவளுக்குப் பொய் இல்லை. அந்த நல்ல வீட்டில் தானே இருக்க வேண்டும் என்பதிலும் பொய் இல்லை. அன்னபூரணி கோழிக்கூட்டின் அகலத்தை மனசுக்குள் அளந்து பார்த்தாள். இருபது வருஷம் மெழுகின தரை, தானே நட்ட கறிவேப்பிலை, இரண்டு பெண்கள் தூங்குகிற முன்னறை, எல்லாம் ஒரு துண்டு சீஸில் தொங்கிக்கொண்டிருந்தன. மலாக்காவில் அப்போது அரிசியே கிடையாது. சோப்புக் கிடையாது, தீப்பெட்டி கிடையாது, ஊசி கிடையாது. ஊர் முழுக்க மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு.

அவள் புருஷன் ஏகாம்பரம் நல்ல மனுஷன். பத்து பெரெண்டாம் விமானத் திடலில் புல் வெட்டுகிற ஆட்களுக்கு முன்னால் சிவப்புக் கொடி பிடித்து நிற்கிற வேலை அவனுக்கு. அந்த வருஷம் அங்கே விமானம் வந்ததைவிட மாடு வந்ததுதான் அதிகம், என்றாலும் கொடியை இறக்கக்கூடாது. அவன் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே ஒரு யோசனை சொன்னான். மரவள்ளிக்கிழங்கை மஞ்சள் போட்டு வேகவைத்துக் கட்டியாகப் பிசைந்தால் பார்க்கச் சீஸ் மாதிரியே இருக்குமாம். செத்துப்போனவரை ஏமாற்றுவதா என்று அன்னபூரணி அவனை ஒரு பாட்டம் வைதாள். உயிரோடு இருந்தபோது அவரை யாரும் ஏமாற்றியதில்லை, கறிக்கடைக்காரன் உள்பட. இப்போது மட்டும் ஏமாற்றினால் ஏமாறுவாரா? உண்மையான சீஸ்தான் வேண்டும், அது துரைக் கடையில்தான் இருக்கும் என்று முடிவு கட்டினாள்.

துரைக் கடை இருக்கத்தான் செய்தது. மேலே யாராலும் படிக்க முடியாத எழுத்தில் புதுப் பலகை மாட்டியிருந்தார்கள். வாசலில் துப்பாக்கியோடு ஒருவன் நின்றான். ஊர்க்காரர்கள் அந்தப் பக்கம் நடந்தாலே அவனுக்குக் குனிந்து வணங்க வேண்டும், உள்ளே போவது எங்கே. உள்ளே பழைய ஆள் ஒருவர்தான் மிச்சம். ராஜரத்தினத்துக்குக் கீழே பதினைந்து வருஷம் வேலை பார்த்த நாகூர் மீரான். அன்னபூரணி இரண்டு தடவை எதிர்ச்சாரியில் நின்று அவருக்குக் கை காட்டினாள். இரண்டு தடவையும் காவல்காரன் தனக்குத்தான் வணக்கம் என்று நினைத்துத் தலையாட்டினான்.

அப்போதுதான் தெருவில் அறிவிப்பு வந்தது. நகரில் எல்லாம் தாராளமாகக் கிடைக்கிறது, மக்கள் மகிழ்ச்சியாகச் சாமான் வாங்குகிறார்கள் என்று பத்திரிகையில் படம் போடப்போகிறார்கள். அதற்குத் தெருவுக்கு இரண்டு பெண்கள் நல்ல துணி உடுத்திக்கொண்டு கூடையோடு துரைக் கடைக்கு வர வேண்டும். காஜா பெராங்கில் பாதிப் பெண்களுக்கு அன்றே காய்ச்சல் வந்துவிட்டது. மீதிப் பேருக்கு உடுத்த நல்ல துணி இல்லை. அன்னபூரணி மட்டும் தானாகப் போய்ப் பேர் கொடுத்தாள். தெருத் தலைவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஏகாம்பரத்துக்கு விஷயம் தெரியுமா என்று கேட்டாராம்.

கல்யாணத்தில் போட்ட கெபாயாச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். இரண்டு பொத்தான் மாட்டவில்லை. ஊக்கு வாங்கவும் வழியில்லாததால், படம் முடியும்வரை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வது என்று தீர்மானித்தாள்.

கடைக்குள் கால் வைத்ததும் அவளுக்கு அந்த மூச்சும் நின்றுவிட்டது. அலமாரிகள் தரையிலிருந்து கூரை வரைக்கும் நிறைந்திருந்தன. பேரிக்காய் டின், வெண்ணெய் டின், மீன் டின், பன்றி படம் போட்ட டின், குழந்தை சிரிக்கிற டின். ஊரே கிழங்கு தின்கிறபோது இவ்வளவும் இங்கேயா என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது. கிட்டப் போய் ஒரு வெண்ணெய் டின்னை எடுத்தாள். அது காற்றாக மேலே வந்தது. பக்கத்து டின் கனத்தது, ஆனால் சாய்த்தால் உள்ளே சரசரவென்று ஏதோ வழிந்தது. ஆற்று மணல்.

மீரான் பக்கத்தில் வந்து, அலமாரியைத் துடைப்பதுபோல் நின்று தணிந்த குரலில் சொன்னார். எல்லாம் துரைமார் பங்களாக் குப்பைக் குழிகளில் பொறுக்கியது. துரு தேய்த்து, மூடியை ஒட்டி, கிழிந்த படங்களைக் கஞ்சிப் பசையால் திரும்ப ஒட்டியிருக்கிறார். இருபது நாள் வேலை. அதிகாரியின் உத்தரவு, அலமாரியில் ஓர் இடம்கூடக் காலியாகத் தெரியக்கூடாது.

“சீஸ் டின் இருக்கா பாய்?”

மீரானின் துடைக்கிற கை நின்றது. “சீஸா? அதெல்லாம் எங்க இருக்கு தங்கச்சி.”

ஆனால் அவர் கண் ஒரே ஒரு தடவை மேல்தட்டுக்குப் போய் வந்தது. அங்கே ஓரத்தில், பசுமாட்டுப் படம் போட்ட செவ்வகமான டின் ஒன்று தனியாக உட்கார்ந்திருந்தது.

அதற்குள் அதிகாரி வந்துவிட்டார். மொரிதா என்று பெயர். குட்டையாக, சுத்தமாக, கண்ணாடி போட்டுக்கொண்டு பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தார். படையில் கொடுத்த ஒரு சின்னப் புத்தகத்தை வைத்து மலாய் கற்றிருந்தார். அந்தப் புத்தகத்தில் கட்டளைகளும் சந்தையில் கேட்கிற வாக்கியங்களும் மட்டும்தான் இருந்திருக்க வேண்டும். கூடையோடு வரிசையாக நின்ற எட்டுப் பெண்களைப் பார்த்து மிகவும் அன்பாக, “பயப்படாதே. கையைத் தூக்கு. தேங்காய் எத்தனை?” என்றார். பெண்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார்கள். அவர் மனம் வருந்தி, தானே போய் ஒவ்வொரு கையாக இறக்கிவிட்டார்.

படம் பிடிப்பவன் முக்காலியை நாட்டினான். பெண்கள் அலமாரிக்கும் மேசைக்கும் நடுவே நடந்து, டின்னை எடுத்துக் கூடையில் போட்டு, சிரிக்க வேண்டும். மற்ற ஏழு பேரும் விபூதித் தட்டில் கை வைப்பதுபோல் விரல் நுனியால் டின்னைத் தொட்டுக் கூடையில் வைத்தார்கள். சிரிக்கச் சொன்னபோது ஒருத்தி அழுதாள். அன்னபூரணிக்கு மட்டும் நடிப்பு வரவில்லை. கடைக்குப் போனால் சாமான் வாங்குவதைத் தவிர வேறு எதுவும் அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு டின்னையும் எடுத்துக் கையில் எடை பார்த்தாள், காதுக்கு அருகில் வைத்துக் குலுக்கினாள், தேங்காயைத் தட்டுவதுபோல் விரல் முட்டியால் தட்டினாள், உதட்டைப் பிதுக்கித் திரும்ப வைத்தாள். இரண்டு டின்னை மீரானிடம் நீட்டி, இது என்ன இப்படித் துருப்பிடித்திருக்கிறது என்று கடிந்துகொண்டாள்.

மொரிதாவின் முகம் மலர்ந்துவிட்டது. இதுதான் அவர் தேடிய ஆள். மற்றவர்களை ஓரமாக உட்காரவைத்துவிட்டு அன்னபூரணியை மட்டும் நடக்கவிட்டார். வெளிச்சம் போதவில்லை என்று ஒரு தடவை, கூடை மறைக்கிறது என்று ஒரு தடவை, காவல்காரன் தும்மினான் என்று ஒரு தடவை. மொத்தம் ஒன்பது தடவை அவள் அந்தக் கடையைச் சுற்றி வந்தாள். மூச்சை இழுத்துப் பிடித்தபடியே. ஒவ்வொரு சுற்றிலும் அவள் மேல்தட்டுப் பக்கம் வரும்போது மீரான் குறுக்கே வந்து நிற்பதைக் கவனித்தாள். ஒன்பதாம் சுற்றில் ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டு ஏறினாள்.

“அது வேணாம் தங்கச்சி,” என்றார் மீரான் தமிழில், வாய் அசையாமல். “கெட்டுப்போன டின்னு. தின்னா வயித்துக்கு ஆகாது.”

“தின்னப்போறது நானில்ல பாய். எங்க மாமா. அவருக்கு இனிமே என்ன ஆகப்போகுது?”

“பெரியவருக்கா?” மீரான் திகைத்துப் போனார். “அவர் மவுத்தாகி ஒரு வருஷம் ஆச்சேம்மா.”

“அதனாலதான் வேணும்.”

டின்னைத் தூக்கினாள். கனத்தது. குலுக்கினாள், சரசரக்கவில்லை. தட்டினாள், நிறைந்த சத்தம். மூடி ஓரம் முழுக்க மெழுகு பூசியிருந்தது. மீரானின் நெற்றியில் வியர்வை ஓடியது. மணல் டின்னுக்கும் காலி டின்னுக்கும் இந்த மனுஷன் இப்படி வியர்க்கமாட்டார். சீஸ்தான், அதுவும் உண்மையான சீஸ், தனக்கென்று பதுக்கி வைத்திருக்கிறார். அவளுக்குச் சந்தேகமே இல்லை.

படம் எடுத்து முடிந்ததும் பெண்கள் டின்களைத் திரும்ப அலமாரியில் வைத்தார்கள். அன்னபூரணி வைக்கவில்லை. கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மொரிதாவின் முன்னால் போய் நின்று, மலாயில் நிதானமாகக் கேட்டாள். துவான், நான் வாங்குவதாகப் படம் எடுத்தீர்கள். நான் வாங்கவில்லை என்றால் பத்திரிகையில் வருவது பொய்யாகாதா?

மொரிதா புத்தகத்தைப் புரட்டினார். அவர் அப்படிப்பட்ட மனுஷன்தான். மணல் டின்னால் அலமாரியை நிரப்புவது அவருக்கு ஒழுங்கு, வாங்காததை வாங்கியதாகச் சொல்வது பொய். இரண்டுக்கும் நடுவே அவர் மனசில் ஏதோ ஒரு கோடு இருந்தது. கடைசியில் தேவையான சொற்கள் கிடைத்தன.

“பொய் வேண்டாம். வாங்கு. வீட்டுக்குப் போ.”

மீரான் பதறிப்போய் அலமாரியின் காலி இடத்தைக் காட்டினார். அந்த இடம் வாயில் பல் விழுந்தது மாதிரி இருந்தது. மொரிதாவுக்கு அதுவும் நியாயமாகப் பட்டது. ஒரு வாரத்தில் டின் திரும்ப இதே இடத்துக்கு வர வேண்டும் என்று சைகையால் சொல்லி, அன்னபூரணியின் பெயரை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார். விலை என்னவென்று அவரே சொன்னார். அவர் புத்தகத்தில் இருந்தது தேங்காயின் விலை மட்டும்தான்.

பர்ச்சு அன்று காலையிலேயே சீதா வந்து பெரிய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். டின்னைக் கையில் வாங்கிப் பசுமாட்டுப் படத்தைப் பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் தொங்கிப்போயிற்று. கோழிக்கூட்டை அதற்குள் நகர்த்திவிட்டாள் போலிருக்கிறது.

இலை போட நேரம் பார்ப்பதில் ஒரு தகராறு வந்தது. ஊர்க் கடிகாரத்தை எல்லாம் ஜப்பான்காரர்கள் டோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். உச்சிப்பொழுதுக்குத்தான் இறந்தவர்கள் வருவார்கள், எந்த உச்சிப்பொழுதுக்கு? ஏகாம்பரம் பசியில் டோக்கியோ நேரம் என்றான். அப்பா வெள்ளைக்காரன் நேரத்தில் செத்தவர், அவருக்கு டோக்கியோ மணி எப்படித் தெரியும் என்றாள் சீதா. அதனால் ஒன்றரை மணி நேரம் எல்லாரும் பட்டினியாகக் காத்திருந்தார்கள்.

முன்னறையில் ஏழு இலை. தாத்தாவுக்குக் கருவாடு, மாமனாருக்கு முன்பே போய்விட்ட மாமியாருக்கு வெற்றிலை, ஒரு பெரியப்பாவுக்கு எங்கோ தேடிப் பிடித்த ஒற்றைச் சுருட்டு. ராஜரத்தினத்தின் இலையில் கிழங்கும் கீரையும் வைத்து நடுவில் இடம் விட்டிருந்தது. சீஸை அவருடைய படத்துக்கு முன்னால் அவர் கடையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த பழைய கம்பியாலேயே அறுத்து வைப்பது என்று பேச்சு. அன்னபூரணி மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டாள். மெழுகைச் சுரண்டி மூடியைத் திறந்தாள். உள்ளே எண்ணெய்க் காகிதம், அதற்குள் மஞ்சள் கட்டி. சீதா எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அன்னபூரணி கம்பியை வைத்து இழுத்தாள். கம்பி இறங்கியது. அந்த இறக்கத்திலேயே அவள் கைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இருபது வருஷமாக வெள்ளிக்கிழமை தோறும் இதே மாதிரி ஒரு கட்டியை இதே மாதிரி இழுத்துத் துண்டு போட்ட கை அது. இலையில் தண்ணீர் தெளித்த ஈரம் கட்டை விரலில் இருந்தது. அந்த விரல் துண்டின் மேல் வழுக்கியது. வழுக்கிய இடத்தில் சின்னதாக ஒரு குமிழி எழும்பி, வீட்டு ஜன்னலைத் தன் மேல் காட்டி, உடைந்தது.

சோப்பு. போருக்கு முன்னால் துணி துவைக்க வாங்குகிற மஞ்சள் சோப்பு.

ஒரு வருஷமாக அந்த ஊரில் யாரும் சோப்பைப் பார்த்ததில்லை. சாம்பலும் எலுமிச்சைத் தோலும் போட்டுத்தான் துவைத்தார்கள். எத்தனையோ நாள் அவள் கனவில் வந்த பொருள். இன்றைக்கு வந்திருக்க வேண்டாம்.

“என்னலா நிறுத்திட்டே?” என்றாள் சீதா பின்னாலிருந்து.

ஏமாற்றக்கூடாது என்று ஏகாம்பரத்தை வைததை நினைத்தாள். கோழிக்கூட்டையும் நினைத்தாள். படத்திலிருந்து மாமனார் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இரண்டாவது துண்டை அறுத்தாள், மூன்றாவதையும். மூன்றையும் விசிறிபோல் இலையில் அடுக்கி, மனசுக்குள், மாமா, தெரிஞ்சு செய்யல, இப்ப தெரிஞ்சிடுச்சி, ஆனா எனக்கு வேற வழி தெரியல என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

கதவைச் சாத்தினார்கள். எல்லாரும் வெளியே வராந்தாவில் உட்கார்ந்தார்கள். உள்ளே இறந்தவர்கள் சாப்பிடுகிறார்கள் என்பதால் யாரும் பேசக்கூடாது. அந்த அமைதியில் அன்னபூரணிக்கு, மாமனார் முதல் துண்டை எடுத்து வாயில் போடுவது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. திரும்ப உள்ளே போய் எடுத்துவிடலாமா என்று இரண்டு தடவை எழுந்து இரண்டு தடவையும் உட்கார்ந்தாள். அவள் படபடப்பைப் பார்த்து, மாமனார் மேல் எவ்வளவு பாசம் என்று ஏகாம்பரம் கண் கலங்கினான்.

மூன்று தடவை கதவைத் தட்டித் திறந்தபிறகு, படைத்ததை எல்லாரும் பகிர்ந்து சாப்பிட வேண்டும். ஒன்றையும் ஒதுக்கக்கூடாது. அன்னபூரணி சீஸ் துண்டுகளை மெதுவாக ஓர் ஓரமாகத் தள்ளப் பார்த்தாள். சீதா விடவில்லை.

“முதல் துண்டு எனக்கு. இங்க அந்த ருசி தெரிஞ்ச ஆள் நான் ஒருத்திதான். உண்மையா இல்லையான்னு நான் சொல்றேன்.”

வீட்டில் இருந்த அத்தனை பேரும் அவள் வாயைப் பார்த்தார்கள். அவள் துண்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டு மென்றாள். ஒரு கணம் அவள் முகம் அப்படியே நின்றுவிட்டது. புருவம் மட்டும் மெல்ல மேலே போனது. கண்ணில் தண்ணீர் கட்டியது. திரும்பவும் மென்றாள். உதட்டோரத்தில் வெள்ளையாக நுரை எட்டிப் பார்த்தது. அன்னபூரணி மனசுக்குள் பாத்திரங்களைக் கட்டி, பாயைச் சுருட்டி, கறிவேப்பிலைச் செடியை வேரோடு பிடுங்கி, சீதா வீட்டுப் பின்கட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

சீதா அன்னபூரணியைப் பார்த்தாள். அன்னபூரணி சீதாவைப் பார்த்தாள். இது சீஸ் இல்லை என்று சொல்ல வேண்டுமானால் சீஸ் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். முப்பது வருஷமாக அப்பா ஊட்டினார் ஊட்டினார் என்று சொல்லி வந்தவளுக்கு அந்த வாடையைத் தவிர எதுவும் தெரியாது என்பது அந்த ஒரு பார்வையில் அன்னபூரணிக்குப் புரிந்துபோயிற்று. அவளுக்குப் புரிந்தது சீதாவுக்கும் புரிந்தது.

சீதா விழுங்கினாள்.

“இதேதான்,” என்றாள். குரல் கரகரத்தது. “அப்பா கையால தின்ன மாதிரியே இருக்கு.”

அதற்கு மேல் யாருக்கு என்ன சந்தேகம். ஏகாம்பரம் பயபக்தியோடு ஓர் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டான். வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இதையா அப்பா முப்பது வருஷம் தின்னாரு,” என்றான் கடைசியில். “பாவம்லா. ஒரு வார்த்தை சொல்லலியே நம்மகிட்ட.”

மகள்கள் இருவரும் நாக்கு நுனியில் வைத்துவிட்டு வெளியே ஓடினார்கள். சீதாவுக்கு விக்கல் எடுத்தது. விக்கலோடு ஒரு குமிழியும் வந்து நாற்காலியைத் தாண்டிப் போயிற்று. போகும்போது சீதா வாசலில் நின்று, இலை இங்கேயே இருக்கட்டும், அப்பாவுக்குப் பழகின வீடு என்று சொல்லிவிட்டுப் போனாள். மூன்று நாள் வயிற்றால் போயிற்றாம். அப்பாவின் ஆசி உள்ளே சுத்தம் பண்ணுகிறது என்று பக்கத்து வீடுகளில் சொல்லிக்கொண்டாளாம்.

வாரம் முடிவதற்குள் அன்னபூரணி டின்னைத் துரைக் கடைக்குக் கொண்டுபோனாள். காகிதத்தில் அவள் பெயர் இருந்ததால் காவல்காரன் உள்ளே விட்டான். மீரான் இளைத்துப் போயிருந்தார். டின்னைக் கையில் வாங்கியவர் அதன் கனத்தில் அப்படியே நின்றுவிட்டார்.

அறுத்த மூன்று துண்டு போக மீதிக் கட்டி அப்படியே உள்ளே இருந்தது. தன் பெண்களின் தலைக்கு ஒரு விரல் அகலம்கூட எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பது வேறு விஷயம்.

“பதுக்கினது தெரிஞ்சா வெயில்ல முட்டி போட வைப்பானுங்க தங்கச்சி,” என்றார் மீரான், அலமாரியைப் பார்த்தபடி. “எம் மவ மரியத்துக்கு மாசக் கடைசியில நிக்காஹ். மணப்பொண்ணைச் சாம்பல் போட்டா குளிப்பாட்டுறது? அதான் சீஸ் டின்னுல வச்சேன். அந்த வாடைக்கு நம்ம ஆளுங்க யாரும் கிட்ட வரமாட்டாங்கன்னு நெனச்சேன்.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல பாய்.”

“அந்த ஆளு நிக்கிறப்ப எப்படிச் சொல்லுவேன்? நீ வேற தட்டிப் பாக்குற.” டின்னை மேல்தட்டில் வைத்துவிட்டுக் கேட்டார். “பெரியவர் ஒண்ணும் கோவிச்சுக்கலியே?”

“சாப்ட்டு முடிச்சுக் கை கழுவிட்டுப் போயிருப்பாரு,” என்றாள் அன்னபூரணி.

மரியத்தின் நிக்காஹுக்கு மறுநாள் ஒரு சின்னப் பொட்டலம் காஜா பெராங்குக்கு வந்தது. உள்ளே மூன்று விரல் அகலம் மஞ்சள் சோப்பு. அந்த வாரம் ஏகாம்பரம் வெள்ளை வெளேரென்ற சட்டையில் கொடி பிடித்து நின்றதைப் பார்த்து, விமானத் திடலில் இரண்டு சிப்பாய்கள் அவனுக்கு வணக்கம் வைத்தார்கள்.

பத்திரிகையிலும் படம் வந்தது. ஒன்பது தடவை சுற்றியும் அதில் அன்னபூரணியின் முதுகுதான் இருந்தது. தெளிவாகத் தெரிந்தது, மேல்தட்டைப் பார்த்து வாயைப் பிளந்து நிற்கிற மீரானின் முகம் மட்டும்.

போர் முடிந்து துரைக் கடைக்குப் பழைய பலகை திரும்பி வந்தது. கப்பலில் சீஸும் வந்தது. அன்னபூரணிக்கு மனசு உறுத்திக்கொண்டே இருந்ததால் அடுத்த பர்ச்சுக்கு உண்மையான சீஸை வாங்கி மாமனாரின் இலையில் வைத்தாள். சீதா முதல் துண்டை எடுத்துக் கடித்தாள். உடனே உள்ளங்கையில் துப்பிவிட்டாள்.

“இது அப்பாவோட சீஸ் இல்ல,” என்றாள். அவள் குரலில் துளிப் பொய் இல்லை.

அதிலிருந்து அன்னபூரணி வருஷா வருஷம் இரண்டும் வைத்தாள். மாமனாருக்கு ஒரு துண்டு சீஸ், ஓரமாகச் சீதாவுக்கு ஒரு மெல்லிய சீவல் சோப்பு. சீதாவும் வருஷா வருஷம் அதைக் கண்ணில் ஒற்றி, மென்று, அப்பா என்று கண் கலங்கி, பெரிய வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போனாள். அவளுக்கு அது நிஜமாகவே பிடித்துப் போய்விட்டதா, இல்லை, தொடங்கியதை நிறுத்த வெட்கமா என்று அன்னபூரணி ஒருநாளும் கேட்கவில்லை.

அறுபத்தொன்றில் சீதா போய்ச் சேர்ந்தாள். அந்த வருஷம் பர்ச்சுக்கு எட்டாவதாக ஓர் இலை போட்டார்கள். அத்தைக்குப் பிடித்தது என்ன என்று கேட்டதற்கு வீட்டிலிருந்த எல்லாரும் ஒரே குரலில் சீஸ் என்றார்கள். அன்னபூரணி கம்பியை எடுத்து இரண்டு துண்டு அறுத்தாள், ஒன்று இதிலிருந்து, ஒன்று அதிலிருந்து. இரண்டையும் சீதாவின் இலையில் பக்கம் பக்கமாக வைத்தாள். கதவைச் சாத்தினாள். மற்றவர்கள் வராந்தாவுக்குப் போனபிறகும் அவள் மட்டும் கதவில் காதை வைத்து நின்றுகொண்டிருந்தாள், உள்ளே விக்கல் சத்தம் கேட்கிறதா என்று.